அண்ணி சுத்தம் செய்த தாலாட்டு

எங்கள் வீட்டில் பாட்டுப் போடுவதென்றால் முதலில் கதவுகளைச் சாத்த வேண்டும். வாசல் கதவு, பிறகு சமையலறை ஜன்னல், கடைசியாக என் அறைக் கதவு. எல்லாம் சாத்தியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அண்ணி ஸ்பீக்கரில் கை வைப்பார். நான் அறைக்குள் இருந்தால் என்னையும் சேர்த்தே சாத்திவிடுவார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து, அந்த அமர்வு முடியட்டும் என்று எத்தனையோ நாள் காத்திருக்கிறேன்.

"சாமி கும்பிடறப்பகூட நம்ம இப்படிக் கதவைச் சாத்தறதில்லையே அண்ணி" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமி எல்லாருக்கும் பொது லா. பாட்டு பாப்பாவுக்கு" என்றார், இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அப்போது நான் கிளமெண்டியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். மருந்துக்கடையில் ஷிஃப்ட் வேலை. பல நாள் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால் என் அண்ணி ஒரு பெண் குழந்தையை இசையால் வளர்த்த கதையைக் கிட்டத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் வங்கியில் பெரிய வேலையில் இருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பாப்பா வயிற்றில் இருந்தபோதே இரண்டு ஹெட்ஃபோன் வாங்கி வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு வயலின் கேட்க வைத்தார். சோபாவில் பக்கத்தில் இருந்த என் அண்ணன், "ஒரு பக்கத்தை எனக்குக் கொடேன்" என்று கேட்டார். பாவம், வாரம் முழுவதும் வேலை பார்த்த மனுஷன்.

"நீங்க கேட்டா தூங்கிடுவீங்க. வேஸ்ட்" என்றார் அண்ணி. அண்ணன் அந்த வீட்டில் கடைசியாக ஏதாவது கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைக்கு என்றால் முழுசாகப் பிள்ளைக்கே இருக்க வேண்டும். இது அண்ணியின் சட்டம். வாய் திறந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பாப்பாவுக்கு அறுத்த அவகாடோவின் மீதிப் பாதியை நாங்கள் யாரும் தொடமுடியாது. அது ஐஸ்பெட்டியில் கிடந்து கறுத்து, மறுநாள் குப்பைக்குப் போகும். பாப்பாவின் நாற்காலியில் விருந்தாளிக் குழந்தை எதையும் உட்கார வைக்கமாட்டார். கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. கேட்டால் புது நாற்காலியே வாங்கிக் கொடுத்துவிடுவார். பங்கு போடுவதுதான் அவருக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தில் மூன்று வயதுப் பெண் ஒன்று இருந்தது. காலையில் எங்கள் வீட்டில் வயலின் ஆரம்பித்ததும் காரிடாருக்கு ஓடிவந்து, சாத்திய கதவுக்கு வெளியே எங்கள் இரும்பு கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டும். வயலினுக்கு இடுப்பை ஆட்டலாம் என்பதே எனக்கு அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒருநாள் அதன் அம்மா அண்ணியை லிஃப்டில் பார்த்து, "உங்க பாட்டு கேட்டாத்தான் இவ பால் குடிக்கிறா" என்று ஆங்கிலத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். அண்ணி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமையே என்னை ஜாலான் புசாருக்கு அழைத்துப் போய், இரும்புச் சாமான் கடை ஒன்றில் கதவுக்கு அடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டையை வாங்கினார்.

"எதுக்கு அண்ணி? பல்லி வருதா?"

"சவுண்ட் லீக் ஆகுது."

"ஆகட்டுமே. அந்தப் பிள்ளை கேட்டா நம்ம பாப்பாவுக்குக் குறைஞ்சா போயிடும்?"

"அப்படி இல்ல லா. அது வெளியே நின்னு கேட்டை ஆட்டுச்சுன்னா பாப்பா கதவையேதான் பாக்கறா, பாட்டைக் கேக்கறதில்ல. ஃபோகஸ் போயிடுது." பட்டையை விரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் தடிமனானது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டார்.

அந்தக் குழந்தை அதற்குப் பிறகும் சில நாள் வந்து கேட்டில் தொங்கிவிட்டுப் போனது. பாட்டுக் கேட்காததால் வருவது நின்றுபோயிற்று.

நான் அண்ணியைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லமாட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னார். அவர் வளர்ந்தது சிராங்கூனில், பிள்ளைகள் நிறைந்த ஒரு சின்ன வீட்டில். வீட்டுக்கு ஒரே ஒரு ரேடியோ. அது பெரியண்ணன் கையில். அவர் கேட்பதை எல்லோரும் கேட்க வேண்டும். அவருக்குப் பிடிக்காத பாட்டு வந்தால் பாதியில் திருப்பிவிடுவார். "ஒரு பாட்டைக்கூட நான் முழுசா கேட்டதில்ல தெரியுமா? எனக்குப் புடிச்ச பாட்டுக்கு முடிவு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் கையில் பாப்பாவின் சின்னச் சட்டை இருந்தது. அன்றைக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த ஞாபகம் இருப்பதால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் அதிகமாகக் கசக்கிறது.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பாப்பா ஒத்துழைக்கவில்லை. காலை வயலினைப் பொறுத்துக்கொண்டாள். மதியம் தூங்க வைக்க வீணை போட்டால் வீடு அதிர அழுவாள். வீணைச் சத்தம் என்றால் தன்னைத் தனியாகப் படுக்க வைத்துவிட்டுப் போகப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி வேலைக்குத் திரும்பிய பிறகு நிலைமை மோசமானது. அப்போதுதான் ஏஜென்ட் மூலமாக வீட்டு வேலைக்குச் சுகந்தி வந்தாள்.

அரியலூர்ப் பக்கம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு வயதுப் பையனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த முதல் வாரம் வீணையையும் அழுகையையும் சேர்த்துக் கேட்டுப் பொறுத்தாள். பிறகு ஒரு மதியம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவளே பாட ஆரம்பித்துவிட்டாள்.

"செவலக் கன்னு எங்க போச்சு?"

பாடிவிட்டு நிறுத்தினாள். பாப்பா அழுகையை விட்டு அவள் வாயைப் பார்த்தது. சுகந்தி பேசாமல் இருந்தாள். பாப்பா "ஆ" என்றது. உடனே, "சோளக்காட்டுல ஒளிஞ்சிருக்கு" என்று அடுத்த வரியைப் பாடினாள். அந்தப் பாட்டே அப்படித்தான். ஒரு கேள்வி வரும். பிள்ளை ஏதாவது சத்தம் கொடுக்கும்வரை பாடுகிறவள் காத்திருப்பாள். சத்தம் வந்த பிறகுதான் பதில் வரும். கன்று, கோழி, பூனை, மாமன், மாமன் கொண்டுவரும் மாம்பழம் என்று கேள்வி போய்க்கொண்டே இருக்கும். பிள்ளையின் குரல் சொக்கிச் சொக்கி ஒரு கட்டத்தில் வராமலே போகும். அத்தோடு பாட்டு முடிந்தது.

வீட்டில் மாட்டியிருந்த கேமரா வழியாக ஆபீஸிலிருந்து இதைப் பார்த்த அண்ணி அன்று சீக்கிரமே வந்துவிட்டார். கையில் தேன் பாட்டிலும் கல்கண்டும். "இதுதான் ரியல் தாலாட்டு. இது எந்த ஆப்லயும் கிடைக்காது" என்று பூரித்துப் போனார். இனிக் கவலையில்லை என்று கேமராவைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். சுகந்திக்குப் புதுச் சட்டங்கள் வந்தன. ஐஸ் மைலோ குடிக்கக்கூடாது. ஃபேனுக்கு நேராகப் படுக்கக்கூடாது. குளியலறை கழுவுகிற மருந்தின் நெடி தொண்டைக்கு ஆகாது என்று அந்த வேலையை அண்ணனிடம் கொடுத்தார்.

சுகந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊட்ல நான் வாயத் தொறந்தாலே கத்தாதடிம்பாங்க. இங்க தொண்டைக்குத் தேன் வாங்கித் தராங்கக்கா" என்றாள் என்னிடம்.

முதல் நாளைத் தவிர அவள் அந்தப் பாட்டைத் தனியாகப் பாடியதில்லை. பால்மாவு டின்னில் போனைச் சாய்த்து வைத்து, ஊருக்கு வீடியோ கால் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். திரையில் அவள் பையன் பாயில் படுத்திருப்பான். இங்கே மதியம் என்றால் அங்கே இன்னும் காலை. தூங்குகிற நேரமே இல்லை. ஆனாலும் அம்மா பாடுகிறாள் என்று வந்து படுத்துக்கொள்வான். "செவலக் கன்னு எங்க போச்சு?" என்று சுகந்தி நிறுத்தியதும் அங்கிருந்து "ம்" வரும். அதைக் கேட்டுப் பாப்பாவும் "ம்" சொல்வாள். சில நாள் இவள் முந்திக்கொள்வாள். அவன் "நான்தான் மொதல்ல" என்று அங்கே சண்டைக்கு எழுந்து உட்காருவான். சுகந்தி சிரித்துவிட்டு, இரண்டு பேருக்குமாகப் பதில் வரியைப் பாடுவாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் ஒருத்தி. நான் தட்டில் சோறு காய்வதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்த மதியங்கள் அவைதான்.

காட்டிக்கொடுத்தது பாப்பாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனை எடுத்ததும் திரையைத் தட்டி, "ண்ணா, ண்ணா" என்றாள்.

"எந்த அண்ணா?" என்றார் அண்ணி.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த சுகந்தி பெருமையோடு சொன்னாள். "எம் பையன் மேடம். தெனம் ரெண்டும் ஒண்ணாத்தான் தூங்குதுங்க. அவன் குரல் கேட்டாத்தான் பாப்பா குரல் குடுக்குது."

"ஓ, அப்படியா? ஸ்வீட்" என்றார் அண்ணி. சிரித்த முகம் மாறவில்லை. ரப்பர் பட்டை வாங்குவதற்கு முன்பும் லிஃப்டிலிருந்து இதே சிரிப்போடுதான் வந்தார்.

சாயங்காலம் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நான் பாப்பாவுக்குன்னு நெனச்சேன். இத்தனை நாளா அவ தன் பிள்ளைக்குப் பாடிக்கிட்டு இருந்திருக்கா. நம்ம பிள்ளை வேற யாரோ பிள்ளையோட மிச்சத்தைக் கேட்டுக்கிட்டுத் தூங்கிருக்கு."

"மிச்சம் என்ன அண்ணி மிச்சம்? பாட்டு என்ன சோறா?"

"உனக்குப் புரியாது. உனக்குப் பிள்ளை இல்ல."

சுகந்தியை அவர் திட்டவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, நல்ல மைக் ஒன்று வாங்கி வந்தார். "பாப்பா பெரிசானதும் கேக்கட்டும். நீ வழக்கமா பாடற மாதிரியே பாடு, ரெக்கார்ட் பண்ணி வைக்கிறேன்" என்றார்.

"எம் பையன் லைன்ல இருந்தாத்தான் மேடம் எனக்குப் பாட்டு வரும்" என்றாள் சுகந்தி தயங்கி.

"தாராளமா போட்டுக்க லா."

சுகந்தி அன்று பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குரலைத்தான் எடுக்கிறார்கள், உடம்பை இல்லை என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டுமேக்கா" என்றாள். அந்த வாரம் மதியம்தோறும் பாடினாள். பையனும் அங்கிருந்து "ம்" கொட்டினான். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகப் பதிந்துகொண்டார்.

பிறகு மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அந்தப் பையனின் குரல் வருகிற இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டி எடுத்தார். அவன் "ம்" சொன்ன இடம், அவன் சிரித்த இடம், அவனுக்காக அவள் காத்திருந்த இடம். வெட்டிய முனைகளை ஒட்டினார். ஒரு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, "எங்கயாவது அவன் சத்தம் கேக்குதா சொல்லு" என்றார்.

கேட்டேன். கேள்வி முடிந்த உடனேயே பதில் வந்துவிட்டது. சுகந்தி யாருக்காகவும் நிற்காமல், மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே போனாள். "கேக்கல" என்றேன். அண்ணிக்கு அவ்வளவு திருப்தி.

அந்த மாதக் கடைசியில் சுகந்தி ஏஜென்டிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். "என்ன தப்பு மேடம் செஞ்சேன்?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஒரு தப்பும் இல்ல. பாப்பாவை ஸ்கூல்ல போடப் போறோம்" என்றார் அண்ணி. அண்ணன் அப்போது செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்தார். எதிர்ப்பு என்று அவர் பக்கத்திலிருந்து வந்தது அவ்வளவுதான். பாப்பா சுகந்தியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்தார். உள்ளே ஸ்பீக்கரில் சுகந்தியின் பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா கதவைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். எது சுகந்தி என்று குழந்தைக்குத் தெரியவில்லை.

ஆனால் திட்டம் பலித்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில நாள் பாப்பா ஒவ்வொரு கேள்விக்கும் "ம்" சொல்லப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு தூங்கப் பழகினாள். "பாத்தியா, எவ்வளவு அமைதியாயிட்டா" என்றார் அண்ணி.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், காய்கறிக் கடை வாசலில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுகந்தி. இளைத்திருந்தாள். புது வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஞாயிறு மட்டும்தான் கையில் கிடைக்குமாம்.

"எம் பையன் இப்ப போன்கிட்டயே வர மாட்டேங்குறான்க்கா. நாத்தனாரத்தான் அம்மாங்குறான். நான் கூப்பிட்டா ஓடி ஒளிஞ்சுக்குறான். பாடலாம்னு பாத்தா எனக்கு அழுகதான் வருது, பாட்டு வர மாட்டேங்குது. மேடம் அன்னைக்குப் புடிச்சாங்களே, அதுல நானும் அவனும் சிரிச்சுக்கிட்டே பாடுனது இருக்கும்ல? அத மட்டும் எனக்கு அனுப்புங்கக்கா. தெனம் அவனுக்குப் போட்டுக் காட்டச் சொல்றேன். கேட்டா வந்துருவான்."

அண்ணியிடம் கேட்டேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். இல்லை. "ஐயோ, தாராளமா அனுப்பு லா. நான் என்ன அவ்வளவு மோசமா?" என்று உடனே என் போனுக்கு அனுப்பினார்.

"இது வெட்டினது அண்ணி. பையன் குரலோட இருக்கிற ஒரிஜினல் வேணும்."

"அது எதுக்கு வச்சிருக்கப் போறேன்? அப்பவே டிலீட் பண்ணிட்டேன்."

சுகந்தியிடம் மறைக்கவில்லை. பையன் குரல் அதில் இருக்காது என்று சொல்லியே அனுப்பினேன். "எங் குரல் இருக்குல்ல, போதும்க்கா" என்றாள். அடுத்த ஞாயிறு அவளே அழைத்தாள்.

"போட்டாங்களாம்க்கா. கொல்லையில வெளையாண்டுக்கிட்டு இருந்தவன் ஓடி வந்தானாம். போனப் புடுங்கி வச்சுக்கிட்டானாம். கன்னு எங்க போச்சுன்னு நான் கேட்டதும், சொல்றதுக்கு வாயத் தொறந்தானாம். அதுக்குள்ள பாட்டு போயிருச்சாம். அடுத்ததுக்கும் தொறந்தானாம். அதுவும் போயிருச்சாம்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அம்மா எனக்கு நிக்கவே மாட்டேங்குதுன்னு சொல்லிட்டுப் போனத் தூக்கி எறிஞ்சுட்டானாம்க்கா."

அந்த மதியம் அண்ணி வீட்டில்தான் இருந்தார். நான் நேராகப் போய் இதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன். அண்ணி பாப்பாவின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ நம்ம பாப்பாவும் அதனாலதான் 'ம்' சொல்றத விட்டாளா?"

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல் கை பரபரத்தது. அண்ணி எழுந்து பாப்பாவின் அறைக்குப் போனார். படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பாப்பாவின் பக்கத்தில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

"செவலக் கன்னு எங்க போச்சு?"

நிறுத்தினார். காத்திருந்தார். பாப்பா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி இன்னும் குனிந்து, முகத்துக்கு நேராக, மறுபடியும் கேட்டார். பாப்பாவுக்கு அதற்குள் நன்றாகப் பேச்சு வந்திருந்தது.

"மம்மி, ஸ்டக் ஆயிடுச்சு. நீ வேணாம். ஸ்பீக்கர் போடு."

அண்ணி எழுந்து போய்ப் பாட்டைப் போட்டார்.